அத்தை கொடுத்தனுப்பிய ஒரு டஜன் பனியன்

1

மூன்று வருடமாக நம் பங்குக் கோவிலின் இந்த மடலில் கனடாவைப் பற்றி எழுதி வருகிறேன். பனி எப்படிப் பெய்யும், ரயில் எவ்வளவு நீளம், கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் என்ன சமைத்தோம் என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். பென்னலூரிலும் சுற்றுப்பக்கத்திலும் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்கிறார்களாம். மடலைக் கவனிக்கிற உபதேசியார் எழுதியிருந்தார். இந்த முறை நன்றாக இருக்காது. கோபத்தில் எழுதுகிறேன். யார் மேல் கோபம் என்று கேட்டால் பெரிய பட்டியலே இருக்கிறது.

போன வாரம் என் மாமியாரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அடுத்த வீட்டு ரோஸியை உட்காரவைத்து, மகன் சேவியருக்குத் தெரியாமல் எழுதச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணும் அத்தை சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தது.

"மாப்பிள்ள நல்லாருக்கணும். ரோட்டாண்ட புதுசா ஒரு தொழிற்சாலை வந்துகீது. நம்ம சேவியர் அங்க ஸ்டோர்ல வேல கேட்டுகீறான். கைய பாத்துட்டு கூட ஒண்ணும் சொல்லல. ஆனா நம்ம ஊரு ஆளுங்கோ யாரோ பூந்து, அவன் சொன்ன பேச்சு கேக்காதவன், அதனாலதான் கனடாவுல விரல வுட்டுட்டு வந்தான்னு சூப்பர்வைசராண்ட சொல்லிட்டாங்கோ. மிஷினு இருக்கிற எடத்துல பேச்சு கேக்காதவன வெச்சிக்க முடியாதுன்றாரு. நீங்க ஒரு லெட்டர் எழுதி அனுப்புங்க. அவன் திருந்திட்டான், இப்பல்லாம் சொன்னா கேக்கறான்னு நீங்க எழுதினா அவுரு ஒத்துக்குவாரு."

இதைப் படித்துவிட்டு நான் சமையலறையில் நின்றுகொண்டே கத்தினேன். என்ன கத்தினேன் என்று மடலில் எழுத முடியாது. மகள் ரீத்தா டி.வி.யின் சத்தத்தைக் குறைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

சேவியர் என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி. இரண்டு வருடம் முன்பு என்னோடு வேலை பார்க்க இங்கே வந்து, நான்காவது நாளே குளிரில் வலது கையின் மூன்று விரல்களைப் பறிகொடுத்து ஊர் திரும்பியவன். மாமா நான் படித்துப் படித்துச் சொல்லியும் கேட்காமல் பருத்தி பனியனைப் போட்டுக்கொண்டு போனான் என்று நீங்கள் எல்லோரும் சொல்கிறீர்கள். அந்தக் கதையைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

2

முதலில் குளிர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். மார்கழியில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு பெங்களூர் ரோட்டில் டீ குடிப்பதைக் குளிர் என்று நினைத்திருக்கிறவர்களுக்கு இது விளங்காது. எனக்கே விளங்காமல்தான் வந்து இறங்கினேன்.

என் வேலை காஸ் மீட்டர் படிப்பது. இங்கே வீட்டுக்கு வீடு குழாயில் காஸ் வருகிறது. மீட்டர் நிலவறையில் இருக்கும். கதவைத் தட்டி, உள்ளே இறங்கி, எண்ணைப் பார்த்து, நோட்டில் எழுதி, மேலே ஏறி, அடுத்த வீட்டுக்கு நடக்க வேண்டும். குளிரில் பேனாவின் மை உறைந்துவிடும் என்பதால் பென்சில்தான். பென்சில் பிடிக்க வலது கையுறையைக் கழற்ற வேண்டும். வெளியே மைனஸ் முப்பது. நிலவறையில் வீட்டைச் சூடாக்கும் அடுப்பு எரியும், புழுங்கித் தள்ளும். முழங்கால் அளவு பனியில் நடந்து, படி இறங்கி ஏறி, மேலே மூன்று சட்டை, ஒரு கனத்த கோட்டு. வியர்க்காமல் என்ன செய்யும்? மைனஸ் முப்பதில் ஒரு மனிதனுக்கு வியர்க்கும் என்றால் நம் ஊரில் யாராவது நம்புவார்களா?

ஊரிலும் நான் மீட்டர் படித்தவன்தான். வல்லக்கோட்டைப் பக்கம் வயலுக்கு வயல் பம்ப்செட் மீட்டர் பார்க்க சைக்கிளில் போவேன். சித்திரை வெயிலில் பனியன் தொப்பலாக நனைந்திருக்கும். எங்காவது புளியமரத்தடியில் நின்று ஒரு காற்று பட்டதும் உடம்பு ஜில்லென்று ஆகும். பருத்தி பனியனின் பெருமையே அதுதான். வியர்வையைக் குடித்துத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், காற்று பட்டால் உடம்பைக் குளிர வைக்கும். மைனஸ் முப்பதிலும் அது அதே வேலையைத்தான் செய்கிறது. ஊர் மாறியது அதற்குத் தெரியாதே.

முதல் குளிர்காலத்தில் நான் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பருத்தி பனியன் போட்டேன். ஒன்று போட்டால் குளிர்கிறது என்றால் இரண்டு போட்டால் குளிராது என்பது என் கணக்கு. நடக்கும்வரை ஒன்றும் தெரியாது. எங்களை ஏற்றிப் போகும் கம்பெனி வேன் வரட்டும் என்று ஐந்து நிமிடம் நின்றால் போதும், ஈரத்துணியை முதுகில் போர்த்தியது போல இருக்கும். பல் கிட்டித்துவிடும். விரல் என் சொல்லைக் கேட்காது. மார்ச் மாதம் வரை இருமினேன். ஃபோர்மன் ஒரு நாள் என்னைப் பார்த்து, வெயில் நாட்டுக்காரர்களுக்கு இது சரிப்படாது என்று மற்றவர்களிடம் சொன்னார். வெயில் நாட்டு உடம்பில்தான் கோளாறு என்று நானும் நினைத்துக்கொண்டேன். முழுக் கோளாறும் பனியனில்தான்.

3

அதை எனக்குச் சொன்னவர் நில்ஸ் என்ற கிழவர். எங்கள் கம்பெனி டிப்போவில் முப்பது வருடமாக மீட்டர் படிக்கிறவர். ஒரு நாள் உடை மாற்றும் அறையில் என் பனியனை இரண்டு விரலால் பிடித்துப் பிழிந்து காட்டினார். தரையில் தண்ணீர் சொட்டியது. "இதைப் போட்டுக்கொண்டு நின்றால் நீ செத்துப்போவாய்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஒரு கடையின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

கடையில் மூன்று குவியல் இருந்தது. முதல் குவியலில் கட்டம் கட்டமாக நெய்த, கனத்த, முழுக்கை உள்சட்டை. கடைக்காரப் பையன் அதைத்தான் எடுத்து நீட்டினான். "கடுங்குளிருக்கு" என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன், பருத்தி. சுத்தப் பருத்தி. கடுங்குளிருக்கு என்று எழுதி அதையே விற்கிறான் பாருங்கள். எத்தனை பேர் அதை வாங்கிப் போட்டுக்கொண்டு போய் இருமினார்களோ.

இரண்டாவது கம்பளி. நல்லதுதான், ஈரமானாலும் சூடு போகாது. ஆனால் ஒரு நாள் போட்டுப் பார்த்தேன், கம்பளிப்பூச்சி மேலே ஏறியது போல அரிப்பு. மூன்றாவது, வலைபோல மெல்லிய, கறுப்பு நிறச் சட்டை. பெட்ரோலில் இருந்து இழுக்கிற ஏதோ ஒரு பிளாஸ்டிக் நூலாம். கையில் எடுத்தால் எடையே இல்லை. இது போய்க் குளிரைத் தாங்குமா என்று சிரித்தேன். நில்ஸ் சொன்னது நினைவுக்கு வந்தது: கனத்தைப் பார்க்காதே, அது தண்ணீர் குடிக்கிறதா என்று மட்டும் பார். இந்த நூல் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காது. வியர்வையை உடம்பிலிருந்து எடுத்து அடுத்த சட்டைக்குத் தள்ளிவிடும். தோல் காய்ந்தே இருக்கும். அதற்கு அது தோலோடு ஒட்டி இருக்க வேண்டும், தொளதொளவென்று வாங்கினால் பிரயோசனமில்லை. அடியில் ஒரு பருத்தி பனியன் இருக்கட்டும் என்று போட்டால் அதுவும் வீண். நான் முதல் நாள் அப்படித்தான் போட்டேன். அடியில் ஒரு பனியன் இல்லாமல் எப்படி வெளியே போவது?

ஸ்டெல்லா அதைத் துவைத்த கதையையும் சொல்ல வேண்டும். அவள் ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். எந்தத் துணியானாலும் கஞ்சி போட்டு, விறைப்பாக இஸ்திரி போட்டால்தான் அவளுக்குத் திருப்தி. புதுச் சட்டைக்கும் கஞ்சி போட்டாள். பிறகு சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தாள். முதுகுப் பக்கம் அப்பளம் போலச் சுருங்கி, பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. வீடெல்லாம் ஒரு நாற்றம். "இது இன்னாங்க துணி, பால்கவர போய் சட்டன்னு வாங்கினு வந்துகீறீங்க" என்றாள். வியர்வை நாற்றமும் அதில் லேசில் போகாது. அதனால் அதை வீட்டுக்குக் கொண்டுவராமல் டிப்போ அலமாரியிலேயே வைக்கத் தொடங்கினேன். வாரம் ஒரு முறை அங்கேயே கைகழுவும் தொட்டியில் அலசிப் போட்டுவிடுவேன்.

அந்தக் குளிர்காலம் நான் இருமவில்லை. ஃபோர்மன் வாயை மூடிக்கொண்டார். ஆகவே இந்த விஷயம் எனக்கு நன்றாகவே தெரியும் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். சேவியர் வருவதற்கு இரண்டு வருடம் முன்பே தெரியும்.

4

சேவியர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினான். இருபத்தெட்டு வயது, நல்ல உழைப்பாளி. எங்கள் கம்பெனியில் குளிர்காலத்துக்குக் கூடுதல் ஆள் எடுத்தார்கள், நான்தான் சொல்லி வாங்கிக் கொடுத்தேன். பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்தது அம்மா கொடுத்தனுப்பிய சீர். மாப்பிள்ளைக்கு ஒரு கரை வேட்டி, எங்கள் இருவருக்குமாக ஸ்ரீபெரும்புதூர் பஜாரில் வாங்கிய ஒரு டஜன் பருத்தி பனியன். ஒவ்வொன்றின் ஓரத்திலும் மஞ்சள் தடவியிருந்தார் அத்தை. மாதா கோவிலுக்குப் போகிற சனம் நாம், மஞ்சள் எதற்கு என்று பங்குச் சாமியார் திட்டுவார். அத்தை கேட்கமாட்டார்.

"மாமா, கனடாவுல நல்ல பனியன் கெடைக்காதாமே. அம்மா ரெண்டு கட ஏறி எறங்கி வாங்கிச்சி. போட்டு பாருங்க" என்றான் சேவியர்.

போட்டுப் பார்த்தேன். அவன் முன்னால் வேறென்ன செய்வது? மாமியார் வீட்டுச் சீரை, கொண்டுவந்தவனின் கண்ணெதிரே, இது ஆளைக் கொல்லும் துணி, தூக்கிப் போடு என்று எந்த மாப்பிள்ளை சொல்வான்? அளவு கச்சிதமாக இருக்கிறது என்றேன். ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பூரித்துப் போயிருந்தது.

திங்கட்கிழமை காலை ஸ்டெல்லா ஐந்து மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிட்டாள். நானும் சேவியரும் அத்தையின் பனியனைப் போட்டுக்கொண்டு, எதிரெதிரே உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டோம். டிப்போவுக்குப் போனதும் நான் கக்கூஸுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். அத்தையின் பனியனைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தேன். கறுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு, மேலே சட்டையின் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். சேவியர் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். மாலை வீட்டுக்குக் கிளம்பும் முன் திரும்பவும் அத்தையின் பனியன்.

செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே. சனிக்கிழமை அவனைக் கடைக்குக் கூட்டிப் போய், இதுவும் ஒன்று இருக்கட்டும் என்று பேச்சோடு பேச்சாக வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அதுவரைக்கும் குளிர் அவ்வளவாக இல்லை. மைனஸ் எட்டு, பத்து. நான்கு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

5

கம்பெனியில் ஒரு தாள் உண்டு. புது ஆளுக்குக் கற்றுக்கொடுக்கிற பழைய ஆள் அதை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். நாய் இருந்தால் என்ன செய்வது, சொல்லிவிட்டேன். காஸ் வாடை வந்தால் யாருக்குப் போன் செய்வது, சொல்லிவிட்டேன். வரிசையாகக் கட்டங்கள். அதில் ஒரு கட்டம்: குளிருக்கு ஏற்ற உள்ளுடை பற்றி விளக்கினேன்.

திங்கள் மாலையே ஃபோர்மன் அந்தத் தாளைக் கேட்டார். வேன் கிளம்பிக்கொண்டிருந்தது. நான் எல்லாக் கட்டத்திலும் வரிசையாக டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். படிக்காமல் போட்டேன் என்று சொல்லமாட்டேன். படித்தேன். அந்தக் கட்டத்துக்கு வந்தபோது பென்சில் ஒரு நொடி நின்றது. சனிக்கிழமை சொல்லத்தானே போகிறோம் என்று டிக் அடித்தேன்.

வியாழக்கிழமை காலை மைனஸ் முப்பத்திரண்டு. சேவியருக்கு ஊர்க்கோடியில் புதிதாகக் கட்டிய வீடுகள். பனி ஒதுக்காத தெரு. புது ஆளாயிற்றே, சீக்கிரம் முடித்து நல்ல பேர் வாங்க வேண்டும் என்று ஓடி ஓடிப் படித்திருக்கிறான். பனியன் நனைந்துபோயிருக்கும். சொன்ன நேரத்துக்கு முக்கால் மணி முன்னாலேயே முடித்துவிட்டு, வேன் வருகிற முனையில் போய் நின்றான். வேனின் பாட்டரி செத்துப்போய், சொன்ன நேரத்துக்கும் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தது. ஏதாவது ஒரு வீட்டுக் கதவைத் தட்டி உள்ளே நின்றிருக்கலாம். மீட்டர் படிக்க ஒரு முறை தட்டியாயிற்று, மறுபடி தட்டினால் என்ன நினைத்துக்கொள்வார்களோ என்று தட்டவில்லை. கடைசி வீட்டு எண்ணை எழுதக் கழற்றிய கையுறையைத் திரும்ப மாட்டப் பார்த்திருக்கிறான். அதற்குள் உடம்பு முழுவதும் ஈரத்தில் உதறி, விரல்கள் மடங்கவில்லை. வேன்காரர் வந்தபோது பனிமேட்டில் உட்கார்ந்திருந்தானாம். மடியில் நோட்டு பத்திரமாக இருந்ததாம்.

செய்தி கேட்டு நான் வேலையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அத்தையின் பனியனைக் கத்தரித்து எடுத்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டிருந்தார்கள். சேவியர் கண் விழித்திருந்தான். கையில் பெரிய கட்டு. உள்ளே சூடாக இருந்ததால் ஓடிவந்த நான் கோட்டையும் சட்டையையும் திறந்து விட்டிருந்தேன். அவன் என் மார்பையே பார்த்தான்.

"மாமா, இது இன்னா சட்ட?"

நான் சட்டையின் பித்தானைத் தேடிப் போட்டேன்.

"காலைல அம்மா குட்த்த பனியன்தான போட்னு இருந்தீங்க?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

6

மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். ஐந்து வாரம் கழித்துக் கம்பெனியில் விசாரணை. விசாரணை எதற்கு? அவனை ஆபீசில் உட்கார்கிற வேலையில் வைத்துக்கொள்வதா, கழித்துவிடுவதா என்று முடிவு செய்ய. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். மூன்று பேருமே குளிர்காலத்தில் காரிலிருந்து கட்டிடத்துக்கு நடக்கிற தூரத்துக்கு மேல் நடக்காதவர்கள். வேன் ஏன் தாமதமாக வந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிற்க ஒரு இடம் ஏன் இல்லை என்று கேட்கவில்லை. மேஜை மேல் இரண்டே பொருள்கள் இருந்தன. கத்தரித்த பருத்தி பனியன் ஒன்று. நான் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று.

நடுவில் இருந்தவர் என்னைக் கேட்டார். "உள்ளுடை பற்றி இவருக்கு நீங்கள் விளக்கினீர்களா?"

விளக்கினேன் என்றால் சேவியரின் வேலை போகும். விளக்கவில்லை என்றால் பொய்க் கையெழுத்துக்கு என் வேலை போகும். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் சேவியர் பேசிவிட்டான். அவனுக்கு இங்கிலீஷ் அதிகம் வராது. தெரிந்த நான்கு வார்த்தையில், "அவர் சொன்னார், நான் கேட்கவில்லை" என்றான்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேருக்கும் நிம்மதி. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

வெளியே வந்து நடையில் நின்று கேட்டேன். "ஏன்டா அப்டி சொன்ன?"

"எனுக்கு வெரலு போயிட்ச்சி மாமா. இனிமே வரவா போவுது? உங்க வேலயும் போயிட்டா அக்கா இன்னா பண்ணும், கொயந்தைங்கோ இன்னா பண்ணுவாங்கோ? வுடுங்க."

"இல்லடா, நான் உள்ள போயி..."

"வுடுங்க மாமா. அக்காவாண்டயும் சொல்லாதீங்க. அம்மா குட்த்தத கக்கூஸ்ல கய்ட்டி வெச்சீங்கன்னு தெரிஞ்சா அது தாங்காது."

நான் விட்டுவிட்டேன். அவன் ஊருக்குப் போனான்.

7

அதற்குப் பிறகு நடந்ததற்கு நானே முழுப் பொறுப்பு. கம்பெனி மேல் போட முடியாது, குளிர் மேலும் போட முடியாது.

அவன் போன மூன்றாம் மாதம் இந்த மடலுக்கு ஒரு குறிப்பு எழுதினேன். வெளிநாடு வருகிற இளைஞர்கள் அனுபவசாலிகள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும், கேட்காமல் உறுப்பை இழந்தவர்கள் உண்டு என்று எழுதினேன். பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமே இல்லையே, பென்னலூரில் யாருக்குத் தெரியாது? சேவியர் சொன்ன பேச்சுக் கேட்காதவன் என்று நீங்கள் சொல்வது என் எழுத்தைப் படித்துத்தான். உங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கோபம் வருகிறது. சின்ன வயதிலிருந்து அவனைப் பார்த்தவர்கள்தானே நீங்கள்? அவன் யார் சொல்லை என்றைக்குத் தட்டினான்? ஒரு ஆளாவது அவனைக் கூப்பிட்டு, என்னப்பா நடந்தது என்று கேட்டீர்களா?

ஸ்டெல்லாவும் கேட்கவில்லை. "அந்த நாத்தம் புடிச்ச சட்டய ஒரு நாள் போட்டா கொறஞ்சா பூட்டிருப்பான்?" என்று தம்பி மேல் கோபித்துக்கொண்டு, ஒன்றரை வருடம் அவனுக்குத் தனியாக ஒரு வரி எழுதவில்லை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தேன். என் பிள்ளைகளுக்குத் தமிழ் சரியாக வராது, ஊரில் இருக்கிற மாமனோடு நான்கு வார்த்தை பேசத் தெரியாது. ஆனால் அவன் பெயர் மட்டும் அவர்கள் வாயில் இருக்கிறது. தொப்பி போடாமல் வெளியே ஓடுகிற தம்பியைப் பார்த்து ரீத்தா, "சேவியர் பண்ணாதே" என்று இங்கிலீஷில் சொல்கிறாள். சொன்ன பேச்சைக் கேட்காமல் இருப்பதற்கு இந்த வீட்டில் அதுதான் பெயர். முதல் முறை கேட்டபோது அவளை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. நானும் சொல்லவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு மனம் பொறுக்காமல் அத்தைக்கு ஒரு கடிதம் எழுதினேன். டிப்போ, கக்கூஸ், டிக் அடித்தது, விசாரணை, ஒன்றையும் மறைக்கவில்லை. நான்கு பக்கம். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது, சேவியரின் கோணலான புதுக் கையெழுத்தில். "உங்க லெட்டர சேவியர் படிச்சி காட்டினான். பசங்க நல்லா படிக்கறாங்கோன்னு எழுதியிருந்தீங்களாம், சந்தோசம். பனியன் இன்னும் நல்லா கீதுன்னு எழுதியிருந்தீங்களாம். இன்னொரு டஜன் வாங்கி அனுப்பவா?"

என் நான்கு பக்கத்தையும் அவன் தாயின் முன் உட்கார்ந்து, வேறொரு கடிதமாக வாசித்திருக்கிறான்.

ரோஸி எழுதிய கடிதத்தைப் படித்து நான் கத்திய அன்று ஸ்டெல்லா வேலையிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள்.

"எங்க அம்மா பனியன எங்க கய்ட்டி வெச்ச?"

"டிப்போ கக்கூஸ்ல."

அவள் என்னை நீ என்று சொன்னது கல்யாணமாகிப் பதின்மூன்று வருடத்தில் அன்றுதான். "மனசு நோவுமேன்னு என் தம்பியாண்ட சொல்லாம வுட்ட. சரி. விசாரணைல யாரு மனசு நோவும்னு வாயத் தொறக்கல?"

அவள் எழுந்து போய்த் தம்பிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். அழுதுகொண்டே எழுதினாள், என்னைப் பார்க்கவில்லை. இதை எழுதுகிற இன்று வரை பேசவில்லை.

அத்தை கேட்டபடி, சேவியர் திருந்திவிட்டான் என்று நான் எழுதித் தரமாட்டேன். திருந்த வேண்டியவன் அவன் இல்லை. தொழிற்சாலை சூப்பர்வைசர் அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பருத்தி பனியன் வேண்டாம் என்று சேவியரிடம் நான் சொல்லவில்லை. சொன்னேன் என்று போட்ட கையெழுத்து பொய். நான் சொல்லியும் தான் கேட்கவில்லை என்று அவன் சொன்னதும் பொய், அது என் சோற்றைக் காப்பாற்றச் சொன்ன பொய். ஒரு வேலையில் சேர்ந்த நான்காம் நாள், விரல் மரத்துப்போகிற குளிரிலும் கணக்கு நோட்டை மடியில் பத்திரமாக வைத்திருந்த ஆள் அவன். உங்கள் ஸ்டோருக்கு அவனை விட்டால் வேறு ஆள் கிடைக்கமாட்டான். இதன் பிரதி ஒன்றை என் கம்பெனிக்கும் இங்கிலீஷில் எழுதி இன்று காலை கொடுத்துவிட்டேன். என் வேலை என்ன ஆகும் என்று தெரியாது.

உபதேசியார் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறு பூசை முடிந்ததும் இதைக் கோவில் வாசலில், அத்தையை முன்னால் உட்காரவைத்து, முதலிலிருந்து கடைசிவரை சத்தமாக வாசியுங்கள். நீங்களே வாசியுங்கள், அல்லது ரோஸியை வாசிக்கச் சொல்லுங்கள். தயவுசெய்து சேவியர் கையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.